மடையான் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் விழ வேண்டும்

கேள்வி இதுதான்: மேடவாக்கத்தில் தனி வீடு. கொல்லைப்புறத்தில் 10 அடிக்கு 6 அடி, 2 அடி ஆழத்தில் சிமென்ட் குளம். கொளத்தூரிலிருந்து வாங்கி வந்து விட்ட 14 கோய் மீன்களில் மூன்றே வாரத்தில் 5 காணவில்லை. விடியற்காலையில் காம்பவுண்டு சுவரில் ஒரு கொக்கு உட்கார்ந்திருக்கிறது. ஏதாவது கிட்டே வந்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் சென்சார் ஸ்பிரிங்க்ளர் வைத்தால் மிச்ச மீன்கள் தப்புமா?

கொக்குதான் எடுக்கிறது என்றால் தப்பும். பூனை என்றாலும் தப்பும். மீன்கொத்தியோ தண்ணீர்ப் பாம்போ என்றால் அந்தக் கருவிக்குக் கொடுக்கிற காசு வீண். தாம்பரம், மேடவாக்கம் பக்கமெல்லாம் பல வருடமாக வீட்டுக் குளங்கள் கட்டித் தருகிறேன். இந்த ஸ்பிரிங்க்ளரை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு, ஒரே மாதத்தில் கழற்றிப் பரணில் போட்டவர்களும் உண்டு. இரண்டு வீட்டிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கருவிதான். கரையில் நடந்து வருகிற எதிரியை இது விரட்டும். மேலிருந்து விழுகிற எதிரியையும் ஊர்ந்து வருகிற எதிரியையும் இது பார்க்கக்கூடப் பார்க்காது. இதைத் தெரிந்துகொண்டு வைத்தவர்களுக்குப் பலித்தது.

அதனால் முதலில் யார் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. அங்கே இல்லாத நீர்ப்பறவை குறைவு. சுவரில் நீங்கள் பார்த்த கொக்கு அநேகமாக மடையான். சும்மா இருக்கும்போது மண் நிறத்தில், முதுகைக் கூனிக்கொண்டு, அங்கே ஒரு பறவை இருக்கிறது என்றே தெரியாது. பறந்தால் இறக்கை பளிச்சென்று வெள்ளையாக விரியும். குருட்டுக் கொக்கு என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். ஆள் மிக அருகில் போகும்வரை அசையாமல் இருப்பதால் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். அதற்குத் தெரிவதுபோல் நமக்குக் கண் தெரியாது.

மடையான் எடுத்தால் மீனின் மிச்சம் எதுவும் கிடைக்காது. விரல் நீள மீனை அப்படியே விழுங்கிவிடும். கரைக்கல்லில் சுண்ணாம்புக் கரைசல் தெளித்த மாதிரி வெள்ளை எச்சம் கிடக்கும். விழுங்க முடியாத பெரிய மீனின் முதுகில் அலகு குத்திய காயம் இருக்கும். பூனை வந்திருந்தால் செதில்கள் சிதறிக் கிடக்கும், சில நேரம் பாதி தின்ற மீன் செடிக்கடியில் கிடைக்கும். இரவில் மட்டும் மீன் குறைகிறது, கரையில் ஒரு தடயமும் இல்லை என்றால் தண்ணீர்ப் பாம்பையும் வக்காவையும் நினைக்க வேண்டும். வக்கா இரவில் வேட்டையாடுகிற கொக்கு. பொழுது சாயும் நேரத்தில் தலைக்கு மேல் 'குவாக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு போவது அதுதான். குஞ்சு மீன்கள் மட்டும் குறைந்தால் வெளியிலிருந்து யாரும் வரவில்லை என்றுகூட வைத்துக்கொள்ளலாம். பெரிய கோயே குஞ்சைத் தின்னும், தண்ணீருக்குள் வளரும் தட்டானின் இளம்புழுவும் தின்னும்.

பழைய செல்போன் ஒன்றைக் குளத்தைப் பார்க்க வைத்து, காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை வீடியோ ஓட விடுங்கள். இரண்டு நாள் போதும்.

மடையான்தான் என்று உறுதியானதும் அது எப்படி வருகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். நேராகத் தண்ணீரில் வந்து இறங்காது. முதலில் சுவரிலோ, தண்ணீர்த் தொட்டி மூடியிலோ, செடிக்கு நடுவிலோ இறங்கி ஐந்து பத்து நிமிடம் சும்மா நிற்கும். பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக் கரைக்கு வரும். ஒரு காலைத் தூக்கி, விரல்களைச் சுருக்கி, தண்ணீரில் அலை எழாமல் மெதுவாக விரித்து வைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன்மேல் கோபமே வராது. கழுத்து உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கும், மீன் எட்டும் தூரத்துக்கு வந்ததும் அந்தக் கழுத்து அம்பு மாதிரி நீளும். சுவரிலிருந்து கரைக்கல் வரையிலான அந்த நான்கைந்து அடி நடைதான் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம். சென்சார் பார்க்க வேண்டியதும் தண்ணீர் விழ வேண்டியதும் அங்கேதான். குளத்தின் நடுவைப் பார்த்துக் கருவியை நட்டு வைத்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கொக்கு குளத்துக்குள் கால் வைத்த பிறகு தண்ணீர் பீய்ச்சினால், அதற்குள் ஒரு மீன் போயிருக்கும். ஒரு முறை மீன் கிடைத்துவிட்டால் அந்தப் பறவை நனைந்துகொண்டாவது திரும்ப வரும்.

இந்தக் கருவிகளில் இருப்பது பி.ஐ.ஆர். சென்சார். வாசலில் ஆள் வந்தால் விளக்கு எரிகிறதே, அதே வகைதான். உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர், பின்னணியிலிருந்து வேறுபட்டு, அசைந்தால் அதற்குத் தெரியும். முன்னால் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் லென்ஸ் பார்வையைப் பல கீற்றுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்கு வெப்பம் தாண்டும்போதுதான் சென்சார் விழிக்கும். அதனால் அதை நோக்கி நேராக நடந்து வருவதைவிடக் குறுக்கே நடந்து போவதை நன்றாகப் பிடிக்கும். கொக்கு வரும் பாதைக்குப் பக்கவாட்டில் சென்சாரை வையுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் 30 அடி, 40 அடி என்ற தூரமெல்லாம் ஆளுக்கும் நாய்க்கும். மடையான் ஒன்றரை அடி நீளமுள்ள பறவை, உடம்பு முழுக்க இறகு மூடியிருக்கிறது. இறகு வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கத்தானே இருக்கிறது. வெளியே தெரிகிற சூடு கொஞ்சம்தான். என் அனுபவத்தில் 7, 8 அடிக்குள் இருந்தால்தான் நம்பிக்கையாகப் பிடிக்கிறது. உயரமும் முக்கியம். நான்கு அடிக் கம்பத்தில் வைத்தால் சென்சார் கொக்கின் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கும். தரையிலிருந்து ஒன்று, ஒன்றேகால் அடி போதும்.

சென்னை வெயிலில் இன்னொரு சிக்கல் உண்டு. மே மாத மதியம் சுவரும் தரையும் கிட்டத்தட்ட பறவையின் உடம்புச் சூட்டுக்கே வந்துவிடும். பின்னணியும் பறவையும் ஒரே சூடாக இருந்தால் சென்சாருக்கு வேறுபாடு தெரியாது. அந்த நேரத்தில் கொக்குகள் பெரும்பாலும் நிழலில் ஒதுங்கிவிடுவதால் நடைமுறையில் பெரிய இழப்பில்லை. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு நீங்களே நடந்து பார்த்துவிட்டு 'கருவி கெட்டுப்போய்விட்டது' என்று முடிவு கட்ட வேண்டாம். காலை ஆறரைக்குச் சோதித்துப் பாருங்கள். ஏரி குளங்கள் வற்றுகிற ஏப்ரல், மே மாதங்களில்தான் வீட்டுக் குளங்களைத் தேடிப் பறவை அதிகம் வருகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி யாரும் சொல்லாமல் விடுகிற விஷயம், தண்ணீர் அழுத்தம். ஆன்லைனில் கிடைக்கிற வெளிநாட்டு ஸ்பிரிங்க்ளர்கள் எல்லாம் குழாயில் 40, 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் வருகிற வீடுகளுக்காகச் செய்தவை. நம் வீட்டில் தண்ணீர் வருவது மொட்டைமாடி டேங்கிலிருந்து. டேங்க் 25 அடி உயரத்தில் இருந்தால் கீழே கிடைக்கும் அழுத்தம் 11 பி.எஸ்.ஐ.க்கும் கொஞ்சம் குறைவு. அதில் தலை சுழலாது, 'டக் டக்' என்ற அந்தச் சத்தம் வராது, தண்ணீர் காலடியிலேயே வழிந்துவிடும். கொக்கை விரட்டுவதில் பாதி வேலை அந்தத் திடீர்ச் சத்தத்துக்குத்தான். வீட்டுக்கு பிரஷர் பம்ப் போட்டிருந்தால் வாங்கின கருவியை அப்படியே மாட்டலாம். இல்லையென்றால் வாங்காதீர்கள், நீங்களே செய்துகொள்ளலாம். உங்கள் வீட்டுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

பூச்சிமருந்து அடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் தெரியுமல்லவா, அதில் இருக்கும் 12 வோல்ட் டயாஃபிரம் பம்ப் ஸ்பேர் பார்ட்ஸாகத் தனியே கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எச்.சி. எஸ்.ஆர். 501 என்று கேட்டால் சென்சார் தருவார்கள், கூட ஒரு ரிலே போர்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரி. சென்சார் விழித்தால் ரிலே பம்பை ஓட விடும். டேங்க் தண்ணீரே வேண்டாம், பம்புக்குக் குளத்துத் தண்ணீரையே கொடுங்கள், உறிஞ்சும் முனையில் நுண் வலை வடிகட்டி இருக்கட்டும். அந்தச் சென்சாரில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும்: ஒன்று தூரம், 3 மீட்டரிலிருந்து 7 வரை, இன்னொன்று எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பது. நேரத்தைக் கடைசி வரை குறைத்து வையுங்கள், ஐந்து நொடி போதும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் ஒரு தடவைக்கு 400 மில்லி சொச்சம்தான் செலவு. நாளைக்கு 20 தடவை அடித்தாலும் 8 லிட்டர், அதிலும் பாதி குளத்துக்கே திரும்பிவிடும். மின்சாரம் கொடுத்ததும் முதல் ஒரு நிமிடம் சென்சார் தாறுமாறாக இருக்கும். அது நிதானத்துக்கு வருகிற நேரம், பதற வேண்டாம்.

நாசில் பனித்துளி மாதிரித் தூவக் கூடாது. தூவினால் மே மாதத்தில் கொக்கு குளிக்க வந்து நிற்கும். கம்பி மாதிரி ஒரே தாரையாக, கரைக்கல்லை ஒட்டி ஒரு அடி உயரத்தில் குறுக்கே அடிக்க வேண்டும். பறவைக்குக் காயம் படுகிற வேகம் அந்தப் பம்பில் வராது.

குளத்துத் தண்ணீரையே பயன்படுத்தச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஒரு வீட்டில் மாடி டேங்க் குழாயில், மின்சாரத்தால் திறந்து மூடுகிற சோலனாய்டு வால்வு வைத்துக் கொடுத்தேன். ஒரு இரவு வால்வின் இருக்கையில் மணல் துகள் மாட்டி, மூடாமல் நின்றுவிட்டது. சம்ப்பில் அன்று மாலைதான் குளோரின் கலந்த லாரித் தண்ணீர் இறக்கியிருந்தார்கள். டேங்க் குறையக் குறையத் தானியங்கி மோட்டார் அதை மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது. தாரை குளத்தின் பக்கமாகத்தான் இருந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது கோய்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் வெளிறிப் போயிருந்தது. குளோரின் செவுளைத்தான் முதலில் அரிக்கும். குளோரினை முறிக்கிற சோடியம் தயோசல்பேட் போட்டும் ஏழு மீனைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டுப் பாட்டி ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருந்தார். அதற்குப் பிறகு குளத்துக்குள் விழும் எந்தத் தாரைக்கும் நான் வெளித் தண்ணீரைக் கொடுப்பதில்லை. உங்கள் வீட்டில் வேறு வழியில்லை, டேங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், முன்னால் ஒரு வடிகட்டி போடுங்கள், தாரையைக் குளத்திலிருந்து வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். வால்வு வாங்கும்போது குறைந்த அழுத்தத்திலும் வேலை செய்கிற டைரக்ட் ஆக்டிங் வகையா என்று கேட்டு வாங்குங்கள். மற்ற வகைக்கு டேங்க் அழுத்தம் போதாமல் சரியாகத் திறக்காது.

மின்சார விஷயத்தில் ஒன்று. குளத்தங்கரைக்கு 12 வோல்ட்டுக்கு மேல் எதையும் கொண்டுவராதீர்கள். ஃபில்டர் மோட்டார் 230 வோல்ட்டில் ஓடுகிறது என்றால் அந்த இணைப்பில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து இன்றே பார்த்துவிடுங்கள். மீனைவிட அதில் கை விடுகிற பிள்ளைகள் முக்கியம்.

வைத்த முதல் வாரம் உங்களையும் பால்காரரையும் காயப்போட்ட துணியையும் அது நனைக்கும். வெயிலில் சூடேறிக் காற்றில் ஆடுகிற வாழை இலையைக்கூடப் பறவை என்று எடுத்துக்கொள்ளும். லென்ஸின் தேவையில்லாத பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பார்வையைக் குறுக்குங்கள்; கரைக்கல்லும் சுவரடியும் மட்டும் தெரிந்தால் போதும். பிறகு பல்லி. சென்சார் பெட்டியின் கதகதப்புக்கு இரவில் பல்லி வந்து லென்ஸ் மேலேயே ஒட்டிக்கொள்ளும், சிலந்தி வலை கட்டும், எறும்பு உள்ளே குடியேறும். வாரம் ஒரு தடவை ஈரத் துணியால் லென்ஸைத் துடையுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பெட்டியின் இணைப்புகளை சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள். சர்க்யூட் போர்டின் பின்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடித்தால் ஈரத்தில் பச்சை பூக்காது. லென்ஸ் மேலும் சென்சார் கண் மேலும் மட்டும் பட்டுவிடக் கூடாது.

அதைவிட முக்கியம், கருவியை ஒரே இடத்தில் வைத்திருக்காதீர்கள். மடையான் ஒரு வாரத்தில் தாரை எங்கே விழும், எங்கே விழாது என்று கற்றுக்கொள்ளும். நாசில் எட்டாத மூலையாகப் பார்த்து வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை இரண்டு அடி நகர்த்துங்கள், திசையை மாற்றுங்கள். இரவில் அணைத்து வைக்காதீர்கள். வக்காவும் பூனையும் வருகிற நேரம் அது. காற்று குளிர்ந்திருப்பதால் சென்சாரும் அப்போதுதான் கூர்மையாக வேலை செய்யும்.

மீன்கொத்தியை ஸ்பிரிங்க்ளரால் தடுக்க நினைப்பது கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதைதான். கொடிக்கயிற்றிலோ மாமரக் கிளையிலோ உட்கார்ந்து பார்த்து, நேராகத் தண்ணீரில் விழுந்து, சென்சார் விழிப்பதற்குள் மீனோடு மேலே போய்விடும். குளத்துக்கு மேலே அது உட்காரத் தோதான இடங்களை எடுத்துவிடுவது ஓரளவு உதவும். கப்பி, மோலி மாதிரிச் சின்ன மீன் வளர்க்கிறவர்களுக்கு மேலே வலை கட்டுவதைத் தவிர வழியில்லை. கோய் ஒரு சாண் வளர்ந்துவிட்டால் மீன்கொத்தியைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம்.

பாம்பு விஷயத்தில் சென்சார் குருடு. அதன் உடம்பு சுற்றுப்புறத்தின் சூட்டிலேயே இருப்பதால் அசைந்தாலும் தெரியாது. தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் இல்லை, ஆனால் பிடித்தால் கடிக்கும். குளத்துக்குள் வரும் வடிகால் குழாய் வாய்களுக்கெல்லாம் கம்பி வலை போடுங்கள், கரையை ஒட்டிச் செங்கல், ஓடு, விறகு குவித்து வைக்காதீர்கள். என்ன பாம்பு என்று தெரியாவிட்டால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இங்கே சொன்ன கொக்கு, மீன்கொத்தி, தண்ணீர்ப் பாம்பு எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, கவண் அடிப்பது எல்லாம் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாதவை. சதுப்பு நிலத்தைச் சுருக்கி வீடு கட்டிக்கொண்டது நாம்தான்.

வலை கட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் வலையைத் தொளதொளவென்று போடாதீர்கள். பறவையின் காலும் பாம்பின் செதிலும் அதில் மாட்டினால் வெயிலில் துடித்துச் சாகும். ஒரு முறை அப்படிச் சிக்கிய பாம்பை நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு இழையாக அறுத்து விடுவிக்க முக்கால் மணி நேரம் ஆனது. தடித்த இழை வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தண்ணீருக்கு ஒரு அடி மேலே நிறுத்துங்கள்.

உங்கள் குளத்தின் உண்மையான பலவீனம் அதன் ஆழம். 2 அடி கோய்க்கே குறைவு. கரையோரம் படி மாதிரிச் சரிவாக இருந்தால் அது மடையானுக்கு விரித்த பாய். அடுத்த கோடையில் குளத்தைக் கழுவும்போது ஒரு பாதியையாவது மூன்றரை அடிக்கு இறக்கி, சுவரைச் செங்குத்தாக எழுப்பப் பாருங்கள். அதுவரைக்கும் 6 அங்குல பி.வி.சி. பைப்பை மூன்று அடித் துண்டுகளாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, நாலைந்து துண்டுகளைக் குளத்தின் அடியில் போடுங்கள். நிழல் விழுந்ததும் மீன்கள் அதற்குள் ஓடிவிடும். அல்லித் தொட்டி இரண்டு வைத்தால் மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு மீன் தெரியாது. கோய் சேற்றைக் கிளறும் என்பதால் தொட்டி மண் மேல் கூழாங்கல் பரப்ப வேண்டும்.

பம்ப்பும் சென்சாரும் வாங்கி மாட்ட உங்களுக்கு ஒரு வாரமாவது ஆகும். இன்று சாயங்காலமே நாலு மூலையில் கம்பி நட்டு, கரையைச் சுற்றி அரை அடி உயரத்தில் ஒன்று, ஒரு அடி உயரத்தில் ஒன்று என்று தடித்த தூண்டில் நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுங்கள். நடந்து வருகிற கொக்குக்குக் காலிலும் நெஞ்சிலும் ஏதோ தட்டும், பெரும்பாலும் பின்வாங்கிவிடும். கட்டி முடித்ததும் மிச்சமிருக்கும் 9 மீன்களையும் தீனி போட்டு மேலே வரவழைத்து, முதுகில் குத்துக் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மீனை மட்டும் குளத்துத் தண்ணீர் நிரப்பிய 100 லிட்டர் டப்பில் விட்டு, 300 கிராம் கல்லுப்பைக் கரைத்து மெதுவாகச் சேர்த்து, காற்று பம்ப்பை ஓட விடுங்கள். அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம். குளத்தில் நேரடியாக உப்பைக் கொட்ட வேண்டாம், அல்லி கருகிவிடும். டப்பின் மேல் ஒரு வலைத் துணியைக் கட்டுங்கள், மிரண்ட கோய் துள்ளி வெளியே விழும். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றி, எடுத்த அளவுக்கு உப்பும் சேர்த்து வந்தால், பத்து நாளில் காயத்தின் ஓரம் வெள்ளையாக மூடி வரும். அதைப் பார்த்த பிறகு திரும்பக் குளத்தில் விடலாம்.